மேலே போனால் மட்டும் போதாது: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமும் என் திண்ணை வகுப்பும்

32 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அத்தனை ஆண்டுகளிலும் மாறாமல் காதில் விழுந்த பதில் ஒன்று உண்டு. "துணைக்கோள் ஏன் கீழே விழாமல் இருக்கிறது?" என்று கேட்பேன். "மேலே ஈர்ப்பு விசை கிடையாது டீச்சர்" என்பார்கள். ஈர்ப்பியல் பாடத்தை நடத்தி முடித்து, சுற்றியக்க வேகத்துக்கான சமன்பாட்டைக் கரும்பலகையில் வரி வரியாக வருவித்துக் காட்டி, தேர்வில் அதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையை மறுநாள் வராந்தாவில் நிறுத்திக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். சமன்பாடு கையில் ஏறியிருக்கும், மனத்தில் ஏறியிருக்காது. இது என் கற்பித்தலின் குறை என்று பல இரவுகள் வருந்தியிருக்கிறேன்.

இப்போது குமரி மாவட்டம் திங்கள்நகரில் என் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் வந்து உட்காருகிறார்கள். காசு வாங்குவதில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் தொடங்கி இந்த ஏழு பேருக்கும் ஈர்ப்பியலை ஒரு வீடியோ கேமை வைத்துக் கற்பித்தேன். "ஈர்ப்பு கிடையாது டீச்சர்" என்ற பதிலை இந்தத் திண்ணையில் இப்போது யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போல் பாடம் நடத்துகிறவர்களுக்கும், பிள்ளை கணினியில் விளையாடுகிறதே என்று கவலைப்படும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் உருவாக்கியது. 2011இல் முதன்முதலாகப் பொதுமக்களின் கைக்கு வந்தது, 2015 ஏப்ரலில் முழுப் பதிப்பு வெளியானது. மேற்படிப்புக்குப் போன என் இளைய மகன் பழைய மடிக்கணினியை வீட்டில் விட்டுப்போனான். அதில் இது இருந்தது. சலுகை நாளில் பட்டியல் விலையில் நான்கில் ஒரு பங்குக்கு வாங்கியதாகச் சொன்னான். "அம்மா, உங்கள் பாடம்தான் இது, ஒருமுறை பாருங்கள்" என்றான். இரண்டு வாரம் நானே தனியாக உட்கார்ந்து பழகினேன். ராக்கெட்டின் உறுப்புகளான கூண்டு, எரிபொருள் தொட்டி, என்ஜின், பாராசூட் ஆகியவற்றை நாமே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். ஏவுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஏவ வேண்டும். எது தவறினாலும் இயற்பியல் விதிப்படியே தவறும். சுட வேண்டிய எதிரி கிடையாது, பறிக்க வேண்டிய நாணயம் கிடையாது. ஈர்ப்பு, காற்றின் தடை, எரிபொருளின் எடை ஆகியவைதான் நம்மை எதிர்த்து நிற்பவை.

முதல் சனிக்கிழமை நடந்ததை அப்படியே சொல்கிறேன். பிள்ளைகள் ஒரு தொட்டி, ஒரு என்ஜின், ஒரு கூண்டு வைத்து ராக்கெட் கட்டினார்கள். "விண்வெளிக்கு அனுப்புங்கள், அங்கேயே இருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். நேராக மேலே ஏவினார்கள். உயரம் காட்டும் எண்கள் ஓடின. 70 கி.மீ. தாண்டியதும் கை தட்டினார்கள், ஏனென்றால் விளையாட்டில் வரும் கோளின் காற்று மண்டலம் அத்துடன் முடிகிறது. திரையில் வானம் கறுத்து விண்மீன்கள் தெரிந்தன. 100 கி.மீ. தாண்டியது. பிறகு எண்கள் ஓடும் வேகம் தளர்ந்தது. 110, 111, 112. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு 111. திண்ணையில் பேச்சு நின்றுவிட்டது. 105. 90. "டீச்சர், ஈர்ப்பே இல்லாத இடத்துக்குப் போய்விட்டோமே, பிறகு ஏன் விழுகிறது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

32 ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது அன்றுதான். நான் விடை சொல்லவில்லை. நோட்டை எடுக்கச் சொன்னேன். விளையாட்டில் உள்ள கெர்பின் என்ற கோளின் ஆரம் 600 கி.மீ. தரையில் ஈர்ப்பு முடுக்கம் 9.81, நம் பூமியைப் போலவே. 100 கி.மீ. உயரத்தில் எவ்வளவு? கணக்குப் போட்டார்கள். 7.2 வந்தது. "நான்கில் மூன்று பங்கு அப்படியே இருக்கிறதே!" பிறகு பூமிக்குப் போடச் சொன்னேன். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் தரையில் உள்ளதில் சுமார் 89 சதவீதம் என்று வந்தது. அதில் இருப்பவர்கள் மிதக்கும் படத்தை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தையும் இந்த 89 சதவீதத்தையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் அன்று சொன்னேன். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்டது. அதன் வேலையே மேலே போய் அளந்துவிட்டுத் திரும்பி விழுவதுதான். "நீங்கள் இன்று செய்தது தும்பா. இனி ஸ்ரீஹரிகோட்டாவைச் செய்யுங்கள்" என்றேன்.

அடுத்த ஏவலில் 10 கி.மீ. உயரத்தில் ராக்கெட்டைக் கிழக்கே சாய்த்தார்கள். வரைபடத் திரையைத் திறந்தால் ராக்கெட் போகப்போகும் பாதை நீலக் கோடாகத் தெரியும். அது தரையில் தொடங்கித் தரையில் முடியும் ஒரு வில். பாதையின் உச்சிக்கு வந்ததும் என்ஜினை மறுபடி முடுக்கச் சொன்னேன், மேல்நோக்கி அல்ல, பக்கவாட்டில். வில்லின் மறுமுனை மெதுவாக நகர்ந்தது. தரையை ஒட்டியே கோளின் பின்பக்கத்துக்கு ஓடியது. பின் தரையை விட்டு எழும்பி, சுற்றிவந்து, வில் முழு வட்டமாயிற்று. என்ஜினை நிறுத்தினார்கள். ராக்கெட் விழவில்லை. முன்பு கேள்வி கேட்ட அதே பெண் திரையை விரலால் தொட்டுச் சொன்னாள்: "விழுந்துகொண்டேதான் இருக்கிறது டீச்சர். ஆனால் தரை வளைந்து விலகிப் போய்விடுகிறது." மலையுச்சியில் பீரங்கி வைத்து, போதிய வேகத்தில் சுட்ட குண்டு தரையைத் தொடாமல் சுற்றிவரும் என்று நியூட்டன் படம் போட்டு விளக்கிய அதே விளக்கம். அவள் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை.

கணக்கை இதோடு பிணைப்பதில்தான் ஆசிரியரின் பங்கு இருக்கிறது. 80 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதைக்கு என்ன வேகம் வேண்டும் என்று புத்தகச் சமன்பாட்டில் முதலில் போடச் சொல்வேன். 9.81ஐ 600000இன் இருமடியால் பெருக்கி, 680000ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 2279 மீட்டர். சுற்றுக்காலம் 31 நிமிடம் 15 நொடி. இதை நோட்டில் எழுதிக் கட்டம் போட்ட பிறகுதான் விசைப்பலகையில் கை வைக்கலாம். பாதை வட்டமானதும் திரையில் வேகம் 2279 என்று நின்றபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு அக்காள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். தன் நோட்டில் பென்சிலால் போட்ட எண் எங்கோ ஓர் உலகத்தில் உண்மையாக நடப்பதைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஆய்வகத்தில் தனி ஊசல் இருக்கிறது, திருகு அளவி இருக்கிறது. துணைக்கோளுக்கு ஆய்வகம் எங்கே இருக்கிறது? இது அந்த ஆய்வகம்.

கிழக்கே ஏன் ஏவுகிறோம் என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. கெர்பினின் நடுக்கோட்டில் தரையே நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. ஒரே ராக்கெட்டைக் கிழக்கே ஒருமுறை, மேற்கே ஒருமுறை ஏவச் சொன்னேன். கிழக்கே போனதில் எரிபொருள் மிச்சம் இருந்தது. மேற்கே போனது பாதைக்கு வராமல் கடலில் விழுந்தது. பிறகு குலசேகரன்பட்டினம் பற்றிப் பேசினோம். தசராவுக்குப் போய்வந்த பிள்ளைகள் என்பதால் ஊர் தெரியும். அங்கே 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியது ஏன் என்று தெரியாது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து செல்ல வேண்டும், அந்த வளைவு எரிபொருளைத் தின்னும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய சுமை. விளையாட்டில் ஒரு ராக்கெட்டை வழியில் திருப்பிப் பார்த்தார்கள். தொட்டி காலியாவதைக் கண்ணால் கண்டார்கள். அதன்பின் வரைபடத்தில் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கடல் மட்டும்தான் டீச்சர்!"

எனக்கே பெரிய பாடமாக அமைந்தது வேறொன்று. முட்டத்திலிருந்து வரும் பையன் ஒருவன். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். இரண்டு கலங்களை ஒரே வட்டப் பாதையில் விட்டு, முன்னால் 20 கி.மீ. தூரத்தில் போகும் கலத்தைப் பிடிக்கச் சொன்னேன். "முன்னால் போகிற வள்ளத்தைப் பிடிக்க எஞ்சினை முறுக்க வேண்டியதுதானே" என்றான். முறுக்கினான். வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் கூட்டினான். முதலில் நெருங்குவதுபோல் இருந்தது. பிறகு அவன் கலம் மேலே ஏறியது, பாதை நீண்டது. ஒரு சுற்று முடிந்தபோது 20 கி.மீ. இடைவெளி 76 கி.மீ. ஆகியிருந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் வாய் திறக்கவில்லை. பாதை பெரிதானால் சுற்றுக்காலமும் கூடும் என்னும் கெப்ளரின் மூன்றாம் விதியை நோட்டில் எழுதி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் முதலிலிருந்து தொடங்கி, இம்முறை நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தைக் குறைத்தான். கலம் சற்றே தாழ்ந்தது. சிறிய பாதை, குறைந்த சுற்றுக்காலம். ஒரு சுற்று முடியும்போது முன்னால் இருந்த கலத்தின் அருகில் வந்து நின்றான். "பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னால் நம்பவே மாட்டார்" என்றான்.

2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியில் இணைந்தன. அதே ஜனவரியில்தான் நம் மாவட்டத்து மேலகாட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் இஸ்ரோ தலைவரானார். அந்தச் செய்தியை ஊரே பெருமையாகப் பேசியது, நானும் பேசினேன். ஆனால் அந்த இணைப்பு ஏன் கடினம் என்று ஒரு பிள்ளைக்குப் புரியவைக்க அன்று என்னிடம் வழி இருக்கவில்லை.

இனிக் குறைகள். முதல் குறை மொழி. இந்த விளையாட்டு தமிழில் இல்லை. என் ஏழு பேரில் ஐந்து பேர் தமிழ்வழியில் படிப்பவர்கள். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு உந்துவிசை, ஆக்சிஜனேற்றி, அண்மைநிலை (பாதையில் கோளுக்கு மிக அருகில் உள்ள இடம்), சேய்மைநிலை (மிகத் தொலைவில் உள்ள இடம்) என்று தமிழ்ச்சொல் எழுதி ஒரு சார்ட் தாளைச் சுவரில் ஒட்டினேன். மூன்று வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த கே. சிவன் இஸ்ரோ தலைவராக இருந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்ல வேண்டும். ஆனாலும் வழிகாட்ட ஆசிரியர் இல்லாமல் தமிழ்வழிப் பிள்ளை தனியாக இதில் இறங்கினால் திணறும்.

இரண்டாவது, இது கைப்பேசியில் ஓடாது. கணினி வேண்டும். நம் வீடுகளில் கைப்பேசி இருக்கிறது, கணினி எத்தனை வீட்டில் இருக்கிறது? எனக்கு இது மிகவும் உறுத்துகிறது. ஒரு முறை கணினியில் இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவைப்படாது என்பது மட்டும் ஆறுதல். மழையில் கரண்ட் போன நாள்களிலும் மின்கலம் இருக்கும்வரை வகுப்பு நடந்தது.

மூன்றாவது, இதன் இயற்பியலில் ஒரு சுருக்குவழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்பைத்தான் கலத்துக்குக் கணக்கிடுகிறது. நிலவின் எல்லைக்குள் நுழைந்தால் கோளின் ஈர்ப்பு அறவே நின்றுவிடும். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 கலம் எங்கே நிற்கிறது, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் சூரியனும் பூமியும் இழுக்கும் அந்த இடம் எப்படிப்பட்டது என்பதை இதில் காட்டவே முடியாது. முயன்று பார்த்த பிள்ளையிடம் கரும்பலகைக்குத் திரும்பித்தான் விளக்கினேன். அதுபோல் கெர்பினின் ஆரம் பூமியின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 2.3 கி.மீ. வேகத்தில் பாதைக்கு வந்துவிடலாம். நம் பூமியில் 7.8 கி.மீ. வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் ராக்கெட் விடுவது எளிது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு கோள்களுக்கும் போடச் சொல்கிறேன்.

படிப்படியாக முன்னேறும் ஆட்டமுறையில் ஆளை ஏற்றிய கூண்டு முதலில் கிடைக்கிறது, ஆளில்லாக் கலம் பிறகுதான் கிடைக்கிறது. வரலாறு நடந்தது தலைகீழாக. முதல் துணைக்கோள் ஸ்புட்னிக் 1957, விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் 1961. என் வகுப்பில் ஒரு பெண், இந்த விளையாட்டில் வரும் கெர்பல்கள் என்ற பச்சை நிறக் குட்டி மனிதர்களை ஏற்ற ஒப்பவே இல்லை. "முதலில் ஆள் இல்லாமல் அனுப்பிப் பார்க்கலாம் டீச்சர், பாவம்" என்றாள். இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பப்போகும் ககன்யானுக்கும் ஆளில்லாச் சோதனைதான் முதலில் என்று சொன்னதும் அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சி! அவளுக்காகவே எல்லா உறுப்புகளும் முதலிலேயே கிடைக்கும் கட்டுப்பாடற்ற முறைக்கு மாறினோம். வகுப்புக்கு அதுதான் சரி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒரு சனிக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டேன். முப்பது என்ஜின்களைக் கட்டி வெடிக்கவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் மாலையில் கேட்டால் எதுவும் நிற்கவில்லை. அன்றிலிருந்து 40 நிமிடம் நோட்டு, 40 நிமிடம் திரை. ஒரே கணினி என்பது நல்லதாகவே முடிந்தது. ஒருவர் ஓட்ட, ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, ஒருவர் எழுத, மற்றவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கணினி கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

கார்த்திகையில் ஒரு நாள், முதல் சனிக்கிழமை கேள்வி கேட்ட பெண்ணின் அம்மா வந்தார். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை முடித்து நேராக வந்திருந்தார். முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, "டீச்சர், மகள் கம்ப்யூட்டரில் ராக்கெட் விடுகிறேன் என்கிறாள். பரீட்சைக்கு இது வருமா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. இதனால் மதிப்பெண் கூடும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தேர்வு கேட்பது சமன்பாட்டை வருவிப்பதை, அதைத் தனியாக எழுதித்தான் பழக வேண்டும். மகளைக் கூப்பிட்டு அம்மாவுக்குக் காட்டச் சொன்னேன். பாதையில் சுற்றும் கலத்தைப் பார்த்து, "இது எப்போது இறங்கும் மக்களே?" என்று கேட்டார். "தானாக இறங்காது அம்மா. எப்போதும் விழுந்துகொண்டேதான் இருக்கும், தரையைத் தொடாது." அவர் கொஞ்சநேரம் திரையையே பார்த்தார். "அப்படியானால் நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறதா?" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்று அவளே சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன். சொன்னாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். முதல் பாகத்தையே வாங்குங்கள். இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் முழுமை பெறாத நிலையில் விற்பனைக்கு வந்தது, அதன் வேலை பாதியில் நின்றுபோனது. சலுகை நாளுக்காகக் காத்திருந்து வாங்குவது நல்லது. 8 ஜிபி நினைவகம் உள்ள என் பழைய மடிக்கணினியில் சிறிய ராக்கெட்டுகள் தடையின்றி ஓடுகின்றன, உறுப்புகள் நூறைத் தாண்டினால் தடுமாறுகிறது. பாடத்துக்கு ஐந்தாறு உறுப்புகளே போதும். பள்ளிகளுக்கென்று கெர்பல்எடு என்ற தனிப் பதிப்பும் முன்பு வந்தது. நான் பயன்படுத்தியது எல்லோரும் வாங்கும் சாதாரணப் பதிப்பு.

முட்டத்துப் பையன் இப்போது இரண்டு கலங்களை இணைக்க முயன்றுகொண்டிருக்கிறான். நான்கு சனிக்கிழமை ஆயிற்று. போன வாரம் இடைவெளி 6 மீட்டர் வரை வந்து, சற்று வேகமாக மோதி விலகிவிட்டது. "நொடிக்கு அரை மீட்டர் அதிகம் டீச்சர்" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். நோட்டு என் மேசைமேல் இருக்கிறது.